ஜெர்மனியில் முதல் இலையுதிர்காலக் குளிர்: புதிதாக வருபவர்கள் செய்ய வேண்டியவை

படிக்கவும் வேலைக்கும் ஜெர்மனிக்கு வருகிற நம்மவர்களில் பெரும்பாலோர் செப்டம்பர், அக்டோபரில் வந்து இறங்குகிறார்கள். டிசம்பர் பனிக்குத் தயாராகத்தான் வருகிறார்கள். ஆனால் ஆளை முதலில் படுத்தி எடுப்பது செப்டம்பர் நடுவிலேயே எட்டிப் பார்க்கிற குளிர். கட்டடத்தின் ஹீட்டர் அப்போது ஓடத் தொடங்கியிருக்காது. கையில் கனமான ஜாக்கெட் இருக்காது. வீட்டு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் புரிந்திருக்காது.

நான் வந்த ஆண்டு என் அறை 16 டிகிரியில் கிடந்தது. "அக்டோபர் பிறக்கட்டும்" என்பதே வீட்டுக்காரரிடமிருந்து வந்த பதில். யாருக்கு எழுதுவது, எந்தத் தாளைக் காட்டுவது என்று தெரிந்துகொள்வதற்குள் குளிர் பாட்டுக்கு வந்து போய்விட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். கீழே உள்ளவற்றை இந்த வரிசையிலேயே செய்துவிடுங்கள்.

1. உங்கள் ஊரின் வழக்கமான வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஜெர்மன் வானிலைச் சேவையின் சுருக்கப் பெயர் டே.வே.டே. "வழக்கத்தைவிடக் குளிர்" என்று அது சொன்னால், முப்பது ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிட்டுச் சொல்கிறது என்று பொருள். 1961 முதல் 1990 வரையிலான கணக்கில் நாடு முழுவதற்குமான சராசரி செப்டம்பரில் 13.3, அக்டோபரில் 9.0, நவம்பரில் 4.0 டிகிரி. மூன்று மாதங்களையும் சேர்த்தால் இலையுதிர்காலத்தின் சராசரி 8.8. புதிய கணக்கான 1991–2020-இல் இது 9.3 ஆக உயர்ந்துவிட்டது. செய்தியில் இரண்டு கணக்குகளும் வரும். ஒரே மாதம் பழைய கணக்கின்படி சற்று வெப்பமாகவும் புதிய கணக்கின்படி சற்றுக் குளிராகவும் இருக்கலாம். எந்தக் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு எண்ணைப் படியுங்கள்.

மாதச் சராசரியை மட்டும் நம்பித் துணி வாங்குவதும் வீடு பார்ப்பதும் ஆபத்து. அது பகலையும் இரவையும், மலையையும் சமவெளியையும் ஒன்றாகக் கலந்த எண். பெர்லினில் அக்டோபர் மாதப் பகல் ஏறக்குறைய 14 டிகிரி வரை போகும், இரவு 6 டிகிரிக்கு இறங்கும். சென்னையில் ஜனவரி இரவுகளே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும் என்பதை நினைத்துக்கொண்டால், பெர்லினின் சாதாரண அக்டோபர் பகல்கூட உங்கள் உடம்புக்கு எவ்வளவு புதிது என்று புரியும்.

ஆண்டுக்கு ஆண்டு வேறுபாடும் பெரிது. 2023 செப்டம்பரின் சராசரி 17.2 டிகிரி. 1881-இல் அளவீடு தொடங்கியதிலிருந்து அவ்வளவு வெப்பமான செப்டம்பர் வந்ததில்லை. மறு ஆண்டு செப்டம்பரின் முதல் வாரம் கோடைபோல் கொளுத்தியது. இரண்டாவது வாரம் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கி, ஆல்ப்ஸ் பகுதியில் பனி கொட்டியது. மாதச் சராசரியைப் பார்த்தால் இந்தச் சரிவு கண்ணுக்கே தெரியாது. "போன வருடம் வந்தபோது டி-ஷர்ட்டோடு திரிந்தேன்" என்று சீனியர் சொல்வது உண்மையாகவே இருக்கும். உங்கள் ஆண்டுக்கு அது பொருந்தாமல் போகலாம்.

எனவே மூன்று எண்களை எழுதி வையுங்கள்: உங்கள் ஊரில் அந்த மாதத்தின் வழக்கமான பகல் உச்சம், வழக்கமான இரவுக் குறைந்தபட்சம், மாதச் சராசரி. முன்னறிவிப்பில் பகல் உச்சம் வழக்கத்தைவிட ஐந்து டிகிரி குறைவாகத் தொடர்ந்து மூன்று நாட்களுக்குக் காட்டினால், நான் அதைக் குளிர் அலை என்றே எடுத்துக்கொள்வேன். இது அதிகாரபூர்வ வரையறை அல்ல. வீட்டை முன்கூட்டியே தயார் செய்வதற்கு இந்த அளவு போதும்.

2. முன்னறிவிப்பில் இரவு எண்ணை முதலில் பாருங்கள்

செல்போன் திரையில் பெரிய எழுத்தில் தெரிவது பெரும்பாலும் பகல் உச்சம். உங்களைப் பாதிப்பதோ காலை ஏழு மணிக்கு வகுப்புக்குக் கிளம்பும்போது இருக்கும் வெப்பநிலை. அது இரவுக் குறைந்தபட்சத்தை ஒட்டியே இருக்கும். பகல் 17, இரவு 3 என்று வருகிற அக்டோபர் நாட்கள் சாதாரணம். மதிய வெயிலைப் பார்த்து மெல்லிய சட்டையோடு போனவர்கள் மாலை ஆறு மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் நடுங்குவதும் சாதாரணம்.

குளிர் அலை வரும் விதம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஒரு தாழ்வழுத்தம் கடந்துபோகும், மழை பெய்யும், காற்று வடமேற்கு அல்லது வடக்குப் பக்கம் திரும்பும், பிறகு வானம் தெளியும். மழை நின்று மேகம் விலகிய முதல் இரவில் எச்சரிக்கையாக இருங்கள். மேகம் இல்லாதபோது தரையின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடுகிறது, விடியும்போது வெப்பநிலை சடாரென்று விழுகிறது.

வெப்பநிலையைத் தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் அளக்கிறார்கள். அங்கே 2 அல்லது 3 டிகிரி இருக்கும்போதே தரையில் உறைபனி பிடித்துவிடும். இதற்குத் தனி எச்சரிக்கைச் சொல் உண்டு: போடன்ஃப்ராஸ்ட். பால்கனியில் கறிவேப்பிலைச் செடி வைத்திருந்தால் இந்தச் சொல் கண்ணில் பட்ட அன்றே உள்ளே எடுத்துவிடுங்கள். உதகையில் டிசம்பர் காலையில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது என்னவென்று சொல்லத் தேவையில்லை.

வானிலைச் சேவையின் வார்ன்வெட்டர் செயலியில் எச்சரிக்கைகள் இலவசம். வந்த அன்றே பதிவிறக்கி உங்கள் ஊரைப் பதிந்துவிடுங்கள்.

இன்னொரு பொறி உண்டு. செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ சில நாட்கள் இதமான வெயில் அடிக்கும். இங்கே அதற்கு ஆல்ட்வைபர்சோமர் என்று பெயர். இடையில் குளிர் வந்து போன பிறகும் இது வரும். "குளிர் முடிந்துவிட்டது" என்று எண்ணி வாங்க வேண்டியதைத் தள்ளிப் போடாதீர்கள்.

3. வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஹீட்டரைப் பற்றிக் கேளுங்கள்

எல்லாப் பணமும் இங்கேதான் கைமாறுகிறது. ஆகவே இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள்.

முதல் கேள்வி, வாடகை கால்ட்மீட்டேயா வார்ம்மீட்டேயா என்பது. முதலாவது வெறும் இடத்துக்கான வாடகை. இரண்டாவதில் ஹீட்டர், தண்ணீர் போன்ற கூடுதல் செலவுகளும் அடங்கும். விளம்பரத்தில் குறைந்த எண்ணைப் பார்த்து மகிழ்ந்து, மாதம் நூறு, இருநூறு யூரோ கூடுதலாகக் கட்டுகிறவர்கள் நிறைய. வார்ம்மீட்டேயிலும் மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் சேராது. தனியாகக் கேளுங்கள்.

இரண்டாவது கேள்வி, ஹீட்டர் செலவு நிலையான தொகையா, முன்பணமா? பௌஷாலே என்று எழுதியிருந்தால் நிலையான தொகை. ஃபோராவுஸ்சாலுங் என்று இருந்தால் நீங்கள் மாதாமாதம் கட்டுவது வெறும் முன்பணம், ஆண்டு முடிந்ததும் கணக்குப் பார்ப்பார்கள். மைய ஹீட்டர் உள்ள கட்டடங்களில் மொத்தச் செலவில் 50 முதல் 70 சதவீதம் அவரவர் பயன்படுத்திய அளவுக்கு ஏற்பவும், மீதி வீட்டின் பரப்பளவு போன்ற அளவைக் கொண்டும் பிரிக்கப்படும். கணக்குக் காலம் முடிந்த 12 மாதங்களுக்குள் கணக்குச் சீட்டு உங்கள் கைக்கு வர வேண்டும். அதற்குப் பிறகு வந்தால், தாமதத்துக்கு வீட்டுக்காரர் பொறுப்பாக இருக்கும்வரை அவர் கூடுதல் பணம் கேட்க முடியாது. நீங்கள் ஆட்சேபம் சொல்லவும் ரசீதுகளைப் பார்க்கவும் உரிமை உண்டு.

மூன்றாவது, ஹீட்டர் எந்த வகை? மாணவர் விடுதிகளிலும் பெரிய கட்டடங்களிலும் அடித்தளத்தில் ஒரே பாய்லர் இருக்கும், அதை ஓடவிடுவது நிர்வாகத்தின் வேலை. பழைய கட்டடங்கள் சிலவற்றில் வீட்டுக்குள்ளேயே, சமையலறையிலோ குளியலறையிலோ, தனி காஸ் பாய்லர் இருக்கும். அப்படியானால் காஸ் ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருக்க வேண்டியிருக்கும். ஒப்பந்தம் போடாமலேயே காஸைத் திறந்து பயன்படுத்தினால், அந்தப் பகுதியின் அடிப்படை விநியோக நிறுவனத்தின் வாடிக்கையாளராகத் தானாகவே ஆகிவிடுவீர்கள். பெரும்பாலும் அந்த விலை அதிகம். இரண்டு வாரம் முன்னதாகத் தெரிவித்து அதிலிருந்து விலகி வேறு நிறுவனத்துக்கு மாறலாம். பலருக்கு இது தெரிவதில்லை, ஆண்டுக்கணக்கில் கூடுதலாகக் கட்டுகிறார்கள்.

சாவி வாங்கும் நாளில் கையில் இருக்க வேண்டியவை:

- ஒப்பந்தத்தின் இருவரும் கையெழுத்திட்ட பிரதி.
- வீடு ஒப்படைப்புக் குறிப்பு, அதாவது யூபர்காபெப்ரோட்டோகோல். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் திருகு உடைந்திருந்தாலும், ஜன்னல் சரியாக மூடாவிட்டாலும், சுவர் மூலையில் கருப்புப் பூஞ்சை தெரிந்தாலும் அதில் எழுதச் சொல்லுங்கள்.
- மின்சாரம், காஸ், தண்ணீர் மீட்டர்களின் படம். மீட்டர் எண்ணும் அளவும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். ரேடியேட்டரில் ஒட்டியிருக்கும் சிறிய அளவுக் கருவியையும் படம் எடுங்கள்.
- பராமரிப்பாளரான ஹவுஸ்மைஸ்டரின் தொலைபேசி எண், நிர்வாகத்தின் மின்னஞ்சல், விடுமுறை நாட்களுக்கான அவசர எண்.

பூஞ்சையை ஏன் முதல் நாளே எழுதச் சொல்கிறேன் என்றால், வீட்டைக் காலி செய்யும்போது "நீங்கள் காற்றோட்டம் விடாததால் வந்தது" என்று அட்வான்ஸில் கழிப்பார்கள். அந்த அட்வான்ஸ் மூன்று மாதக் கால்ட்மீட்டே வரை போகலாம். மூன்று தவணைகளில் கட்டவும் உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு.

4. குளிருக்கு முன்பே ரேடியேட்டரைச் சோதியுங்கள்

திருகில் உள்ள எண்கள் வேகத்தைக் குறிப்பவை அல்ல, அறையின் இலக்கு வெப்பநிலையைக் குறிப்பவை. 3 என்றால் சுமார் 20 டிகிரி. ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறக்குறைய நான்கு டிகிரி கூடும், குறையும். ஏசியை 16-இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்று நம்புவதைப் போன்றதுதான் 5-இல் திருகி வைப்பது. அறை சூடாக அதே நேரம்தான் ஆகும், பிறகு 20 டிகிரியில் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும், பணமும் போகும். பனிப்பூ அடையாளம், குழாய் உறையாமல் காக்க மட்டும்.

திருகின் மேல் திரைச்சீலை தொங்கினாலும், ரேடியேட்டரின் முன்னால் கட்டிலோ மேசையோ நின்றாலும், சூடு அங்கேயே தேங்கி, அறை சூடாகிவிட்டதாக நினைத்து ரேடியேட்டர் நின்றுவிடும். தளவாடங்களை இரண்டு சாண் தள்ளிப் போடுங்கள்.

கட்டட ஹீட்டர் ஓடத் தொடங்கிய பிறகும் மேல்பாதி குளிர்ந்து, கீழ்ப்பாதி சூடாக இருந்து, உள்ளே களக் களக் என்று சத்தம் கேட்டால் காற்று அடைத்திருக்கிறது. வன்பொருள் கடையில் இரண்டு மூன்று யூரோவுக்குச் சிறிய சாவி கிடைக்கும். பக்கவாட்டில் உள்ள திருகாணியில் அதைப் பொருத்தி, கீழே ஒரு டம்ளரைப் பிடித்து, மெல்லத் திறந்தால் முதலில் சீறிக்கொண்டு காற்று வரும், பிறகு கருத்த தண்ணீர் வரும். தண்ணீர் சீராக வந்ததும் மூடிவிடுங்கள். முதல் முறை ஹவுஸ்மைஸ்டரைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.

5. ஹீட்டர் ஓடாத நாளில் குளிர் வந்தால்

அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை ஹீட்டர் காலம் என்பது இங்கே எல்லோரும் சொல்வது. அது பழக்கத்தால் வந்த காலம், ஒப்பந்தங்களிலும் அப்படி எழுதுவார்கள். அதற்கு வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் ஹீட்டர் கிடையாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. செப்டம்பரிலேயே அறை 18 டிகிரிக்குக் கீழே இறங்கி, இரண்டு மூன்று நாட்கள் அப்படியே நீடிக்கும் என்று தெரிந்தால் வீட்டுக்காரர் ஹீட்டரை ஓடவிட வேண்டும். 16-க்குக் கீழே போனால் உடனே ஓடவிட வேண்டும். ஹீட்டர் காலத்தில் பகலில் 20 முதல் 22 டிகிரி, இரவில் சுமார் 18 டிகிரி என்பது நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கும் அளவு.

செய்ய வேண்டிய வரிசை இது.

முதலில் அளவீடு. பத்து யூரோவுக்கு வெப்பநிலையும் ஈரப்பதமும் காட்டும் கருவி கிடைக்கும். அறையின் நடுவில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், ஜன்னலை மூடி வைத்து அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். "செப்டம்பர் 14, காலை 7.30, படுக்கையறை, 16.5 டிகிரி, ஜன்னல் மூடியிருந்தது, திருகு 3-இல்" என்ற மாதிரி. காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் எழுதுங்கள். கருவியின் படத்தையும் எடுங்கள். "ரொம்பக் குளிராக இருக்கிறது" என்று எழுதும் மின்னஞ்சலுக்குப் பதில் வருவது அரிது. எண்களோடு எழுதினால் பதில் வரும்.

அடுத்து ஹவுஸ்மைஸ்டருக்குத் தொலைபேசி. பாதிப் பிரச்சினைகள் இங்கேயே முடியும். அடித்தளத்துப் பாய்லர் கோடைகால நிலையில் இருக்கும், அவர் மாற்றிவிட்டால் மாலைக்குள் ரேடியேட்டர் சூடாகும்.

அன்றே நிர்வாகத்துக்கோ வீட்டுக்காரருக்கோ எழுத்தில் குறை சொல்லுங்கள். எழுத வேண்டியது நான்கே செய்திகள்: உங்கள் பெயரும் வீட்டு முகவரியும், எந்தத் தேதி முதல் எந்த அறையில் எத்தனை டிகிரி, எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும், அளவீட்டுத் தாளின் பிரதி இணைப்பு. ஜெர்மன் மொழியில் எழுதுங்கள், மொழிபெயர்ப்புச் செயலி போதும். கோபத்தைக் காட்ட வேண்டாம், தேதியைக் குறிப்பிடாமல் விடவும் வேண்டாம். கடும் குளிரில் ஓரிரு நாட்கள் கெடு கொடுத்தாலே போதுமானது. மின்னஞ்சலுக்குப் பதில் இல்லையென்றால் அதே கடிதத்தை, பெட்டியில் போட்டதற்குச் சான்று தரும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மூன்று நான்கு யூரோ ஆகும்.

அப்படியும் அசையாவிட்டால் மாணவர்கள் பல்கலைக்கழக மாணவர் மன்றத்தைக் கேளுங்கள். பல மன்றங்கள் வாரத்தில் ஒரு நாள் இலவசச் சட்ட ஆலோசனை தருகின்றன. மற்றவர்கள் ஊரிலுள்ள மீட்டர்ஃபெரைன் என்னும் வாடகைதாரர் சங்கத்தில் சேரலாம். ஆண்டுச் சந்தா ஊரைப் பொறுத்து ஐம்பது முதல் நூறு யூரோவைத் தாண்டியும் போகும். சில சங்கங்கள் குறைந்தது இரண்டு ஆண்டு உறுப்பினராக இருக்கச் சொல்லும், கையெழுத்திடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பெரிய பொறி. "ஹீட்டர் இல்லை என்றால் வாடகையைக் குறைக்கலாம்" என்று நண்பர்கள் சொல்வார்கள். குறைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் எவ்வளவு என்பதை நீங்களே முடிவு செய்து அதிகமாகப் பிடித்துக்கொண்டால் அது வாடகைப் பாக்கியாகிறது. பாக்கி சேர்ந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் உரிமை வீட்டுக்காரருக்கு வந்துவிடும். உரிமையை விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறேன் என்று எழுதித் தெரிவித்துவிட்டு, முழு வாடகையையும் கட்டுங்கள். ஆலோசனைக்குப் பிறகு திருப்பிக் கேட்கலாம்.

6. மின்சார ஹீட்டர் வாங்கும் முன் கணக்குப் போடுங்கள்

2000 வாட் ஹீட்டர் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட். யூனிட் 35 முதல் 40 சென்ட் என்றால் மணிக்கு 70 முதல் 80 சென்ட். தினமும் ஐந்து மணி நேரம் ஓட்டினால் மாதத்துக்கு 105 முதல் 120 யூரோ. இரண்டு நாள் குளிரைச் சமாளிக்க நண்பரிடம் இரவல் வாங்குவது சரி, மாதம் முழுவதும் ஓட்டுவது கட்டுப்படியாகாது. நீட்டிப்புக் கம்பியில் மற்ற சாதனங்களோடு சேர்த்து அதை மாட்டாதீர்கள். அறைக்குள் கரி மூட்டுவதோ கிரில் அடுப்பு வைப்பதோ உயிருக்கே உலை. அதன் நச்சுவாயுவுக்கு மணம் கிடையாது.

சூட்டைக் காப்பாற்றுவதாக நினைத்து ஜன்னலைத் திறக்காமலே இருந்துவிடாதீர்கள். நம் சமையலில் குக்கர் ஆவி, கொதிக்கும் சாம்பார், அறைக்குள் உலரும் துணி எல்லாம் ஈரத்தைக் கூட்டுகின்றன. அந்த ஈரம் குளிர்ந்த சுவர் மூலையில் படிந்து பூஞ்சையாகிறது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, திருகை மூடிவிட்டு, ஜன்னலை அகலத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். நாள் முழுவதும் ஜன்னலைச் சாய்த்து வைப்பதுதான் மோசம்: சுவர் குளிர்கிறது, பணம் வெளியே போகிறது, ஈரம் போவதில்லை. கருவியில் ஈரப்பதம் 40-க்கும் 60-க்கும் இடையே நிற்கட்டும்.

7. துணியை எங்கே வாங்குவது

ஊரிலிருந்து உள்ளாடை வகைத் தெர்மல் இரண்டு செட், கம்பளிக் காலுறை, குல்லா, ஒரு ஸ்வெட்டர் கொண்டு வாருங்கள். கனத்த ஜாக்கெட்டுக்குப் பெட்டியில் இடம் கொடுக்க வேண்டாம். அங்கே கிடைப்பவற்றில் பல மழையைத் தாங்குவதில்லை, இங்கே இலையுதிர்காலக் குளிர் மழையோடும் காற்றோடும் வருகிறது. எட்டு டிகிரியில் நனைந்து நிற்பது பூஜ்யம் டிகிரியில் உலர்ந்து நிற்பதைவிடக் கொடுமை. முதல் வாரத்திலேயே மழை தாங்கும் மேல்சட்டையை 40 முதல் 80 யூரோவுக்கு வாங்குங்கள். குளிர்கால ஜாக்கெட்டைப் பழைய பொருள் சந்தையில் 20 முதல் 50 யூரோவுக்குப் பிடிக்கலாம். தள்ளுபடி மளிகைக் கடைகளில் தெர்மல் உடைகள் செப்டம்பர், அக்டோபரில் வரும், சில நாட்களில் தீர்ந்துவிடும்.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. அதன் பிறகு பெர்லினில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். சைக்கிள் ஓட்டுபவர்கள் விளக்கும் கையுறையும் அதற்கு முன் வாங்கிவிடுங்கள்.

8. கார் ஓட்டுபவர்களுக்கு

குளிர்கால டயருக்கு நாள் குறித்த சட்டம் இல்லை. சாலையில் பனியோ உறைந்த வழுக்கலோ இருந்தால், அந்த நிலையில் பொருத்தமான டயர் இல்லாமல் ஓட்டக் கூடாது. மீறினால் 60 யூரோ அபராதமும், ஓட்டுநர் பதிவேட்டில் ஒரு தண்டனைப் புள்ளியும். 2024 அக்டோபர் 1 முதல் மலையும் பனிப்பூவும் பொறித்த அடையாளம் உள்ள டயர் மட்டுமே செல்லும். சேறு, பனி என்பதைக் குறிக்கும் பழைய எம்+எஸ் அடையாளம் மட்டும் போதாது. பழைய கார் வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் டயரின் பக்கவாட்டைக் குனிந்து பாருங்கள்.

டயர் மாற்றப் பட்டறைகளில் அக்டோபரில் கூட்டம் அலைமோதும். செப்டம்பர் நடுவிலேயே நேரம் வாங்கிவிடுங்கள். மாற்றுக் கூலி 30 யூரோவிலிருந்து தொடங்கும், கோடை டயரை அங்கேயே வைத்துவிட்டு வந்தால் அதற்கும் கட்டணம் உண்டு. முதல் குளிர் அலையின் காலையில் பாலங்களில் மெதுவாகச் செல்லுங்கள். மற்ற சாலை வெறும் ஈரமாக இருக்கும்போதே பாலம் உறைந்திருக்கும். கண்ணாடியில் சிறு துவாரம் அளவுக்குச் சுரண்டிவிட்டு ஓட்டுவதும், சூடேறட்டும் என்று இன்ஜினை நிறுத்திய இடத்திலேயே ஓடவிடுவதும் இங்கே விதிமீறல். சுரண்டும் கருவி இரண்டு யூரோதான், பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பினால் போதும்.